கேட் மெஷினுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன்

மென்பொருள் மொழிபெயர்ப்பு வேலையில் எழுதுகிறவருக்குத் திரை தெரியாது, திரையைப் பார்க்கிறவருக்கு எழுதினவர் யாரென்று தெரியாது. ஆனால் திட்டு மட்டும் சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. உங்கள் கதையும் இப்படித்தான் இருக்கும். என்னுடையதில் கூடுதலாக ஒரு கேட் உடைந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்ணீர் அஞ்சலியிலிருந்து கம்ப்யூட்டருக்கு

செல்போனில் இன்கமிங் இலவசமான சமயம். நான் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டர். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி என்று ஒரு மனிதருக்கு வாழ்க்கையில் அச்சடிக்க வேண்டிய எல்லாவற்றையும் அடித்துக்கொடுப்பேன். விசிட்டிங் கார்டு போட வந்த பாஸ்கர் சார், என் விரல் ஓடும் வேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவருடைய கம்பெனி. "கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கணும், வர்றியாம்மா?" என்றார்.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டு. அதன் கேட்டில் வைக்க ஒரு மெஷின் செய்துகொண்டிருந்தார்கள். டிரைவரே இறங்கிவந்து திரையைத் தொட்டு, வண்டி நம்பரையும் பெட்டி நம்பரையும் அடித்தால் சீட்டு வரும், குறுக்குக் கம்பம் தூக்கும். தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் நாலிலும் அது பேச வேண்டும். யார்டு மெஷினை ஏற்றுக்கொண்டால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூன்று மாதத்தோடு டாட்டா.

அப்பா அப்போதுதான் மணலியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து விருப்ப ஓய்வு என்ற பெயரில் விருப்பமே இல்லாமல் வீட்டுக்கு வந்திருந்தார். சம்பளம் வாங்கும் ஆள் நான் ஒருத்திதான். இருந்தும் துணிந்து ராஜினாமா சொன்னேன். அச்சக முதலாளி அன்று மாலையே என் நாற்காலியில் தன் மச்சினியை உட்கார வைத்துவிட்டு, என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"போம்மா, நல்லா இரு. ஆனா கண்ணீர் அஞ்சலின்னா உன் கைதான். எவனாவது பெரிய மனுசன் செத்தா ஒரு எட்டு வந்துட்டுப் போ."

மரியாதை கொடுத்தால் பயம் வரும்

முதல் நாள் என் கையில் நானூற்றுப் பன்னிரண்டு வரி கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷில். 'காத்திரு', 'இல்லை', 'மறுபடியும்', 'சரி' என்று ஒற்றைச் சொல்லாக நிற்கும். எதற்குக் காத்திருக்க வேண்டும், எது இல்லை, ஒன்றும் தெரியாது. ப்ரோகிராமர் அருண் கோயம்புத்தூர்க்காரர், தங்கமான பையன். "இந்த 'இல்லை' எங்கே வரும் தம்பி?" என்று கேட்டேன். "அது வர்ற எடத்துல வருங்கக்கா" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம்.

அச்சகத்துக் கை அல்லவா, கோப்பைத் திறந்ததும் உச்சியில் வழக்கம்போலச் சுழியைப் போட்டுவிட்டு வரிசையாக அடிக்க ஆரம்பித்தேன். பத்து வரி தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. மெஷின் டிரைவரிடம் 'நில்' என்பதா, 'நிற்கவும்' என்பதா, 'நீங்கள் தயவுசெய்து நிற்கவும்' என்பதா? நேரே யார்டுக்கே போனேன். கேட் காவலர் மாணிக்கம் அண்ணன், வரிசையில் முதலாவதாக நின்ற ட்ரெய்லரைக் காட்டினார். அதில் ஏழுமலை அண்ணன் இருந்தார். வியாசர்பாடிக்காரர், இருபது வருஷமாக ட்ரெய்லர் ஓட்டுகிறவர். நான் எழுதியிருந்த 'நீங்கள் தயவுசெய்து' எல்லாவற்றையும் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாம்மா பேஜாரா கீது? எங்கள நீங்க, வாங்கன்னு கூப்புடுறவன் ஒருத்தன்தான். அவன் அடுத்து ஃபைன் புக்கத்தான் எடுப்பான்."

யார் மேலே?

தெலுங்குக்கு ராவ் சார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்திக்கு ரஹீம் பாய். பல வருஷம் லாரி புக்கிங் ஆபீசில் வடநாட்டு டிரைவர்களோடு மல்லுக்கட்டியே இந்தியைக் கரைத்துக் குடித்தவர். இருவரும் காகிதத்தில் கையால் எழுதிக் கொடுப்பார்கள். அது சௌகார்பேட்டையில் ஒரு டைப்பிங் கடைக்குப் போய்க் கோப்பாகத் திரும்பி வரும். அங்கே எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே அடித்துக் கொடுப்பார்கள். கேள்வியே கேட்க மாட்டார்கள்.

இருவரும் ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிக்கிற தோஸ்துகள். முதல் திரையில் எந்த மொழி மேலே வர வேண்டும் என்ற கேள்வி வந்ததும் அந்த நட்பு மூன்று நாள் நின்றுபோனது. தேசம் முழுக்கப் புரிவது இந்தி என்றார் பாய். யார்டுக்கு வருகிற வண்டியில் பாதி ஆந்திரா வண்டி என்றார் ராவ் சார். நான் வாயைத் திறக்கவில்லை. தமிழ் மேலே வருவதில் எனக்குச் சந்தேகமே இல்லாதபோது எதற்குப் பேச வேண்டும்? கடைசியில் அருண் நாலையும் ஒரு வட்டமாகப் போட்டு, எல்லாம் சமம் என்றார். ராவ் சார் அந்த வட்டத்தைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"வட்டம்னாலும் பன்னெண்டு மணி எடத்துல யாரோ ஒருத்தர் இருந்துதானப்பா ஆகணும்?"

திரையைத் தொடவும்

வெள்ளோட்டத்துக்கு நாலு நாள் முன்பே மெஷினைக் கொண்டுபோய் கேட்டில் நிறுத்தினோம். முதல் திரை மட்டும் வரும். மொழி வட்டம், அதன் கீழே நாலு மொழியிலும் 'திரையைத் தொடவும்'. அந்தத் திரை மொத்தமும் ஒரு படமாக வரைந்தது, மற்ற வரிகள் இன்னும் ஏறவில்லை. டிரைவர்கள் பார்த்துப் பழகட்டும் என்றார் பாஸ்கர் சார்.

நன்றாகத்தான் பழகினார்கள். ஏழுமலை அண்ணன் காலையில் வண்டியைவிட்டு இறங்கினார், படித்தார், பயபக்தியோடு திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்டியரிங்கைத் தினமும் அப்படித் தொடுகிற கை. தொடு என்று எழுதியிருந்தால் வேறு எப்படித் தொடும்? பின்னால் வந்தவர்களும் அதையே செய்தார்கள். மறுநாள் நான் போனபோது மெஷினுக்கு மாலை, காலடியில் இரண்டு எலுமிச்சம்பழம். திரையில் சந்தனம் குங்குமம் பெரிதாக, சரியாகத் தமிழ் பொத்தானின் மேல். இனித் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் பொட்டை அழிக்க வேண்டும், அதற்கு ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஆளாளுக்குத் தெலுங்கை அழுத்திக்கொண்டிருந்தார்கள். யார் செய்த வேலை என்று மாணிக்கம் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவருக்கு என் கோபமே புரியவில்லை.

"புதுசா ஒரு சைக்கிள் வாங்குனாகூட பூஜ போடுறோம். இது இன்னாம்மா பாவம் பண்ணிச்சு?"

வெள்ளோட்டம்

யார்டு மேனேஜர், பாஸ்கர் சார், அருண், நாங்கள் மூன்று மொழிக்காரர்கள், எல்லாரும் கேட்டில் நின்றோம். பொட்டைத் துடைத்தாகிவிட்டது. முதலில் மேனேஜரே இங்கிலீஷை அழுத்தி ஒரு வண்டியை உள்ளே விட்டார். சீட்டு வந்தது, கம்பம் தூக்கியது. எல்லாரும் கை தட்டினோம்.

அடுத்து ஏழுமலை அண்ணன், தமிழ். வண்டி நம்பர் கேட்க வேண்டிய இடத்தில் மெஷின் 'மொழியைத் தேர்ந்தெடு' என்றது. அதான் எடுத்தாச்சே என்று அவர் வண்டி நம்பரை அடித்தார். பெட்டி நம்பர் கேட்க வேண்டிய இடத்தில் 'வண்டி நம்பரை அடி' என்றது. இப்போதுதானே அடித்தேன் என்று முணுமுணுத்தபடி மறுபடி அதையே அடித்தார். அப்படி ஒரு பெட்டியே யார்டில் கிடையாது. 'நம்பர் தப்பு, ஓரம் கட்டு' என்று வந்திருக்க வேண்டும். வந்தது, 'உள்ளே போ'.

அண்ணன் வண்டியில் ஏறினார். கம்பம் தூக்கவில்லை. மெஷினை ஒரு தரம் பார்த்தார், கம்பத்தை ஒரு தரம் பார்த்தார். மெஷின் சொன்னதுதான் பெரிது என்று முடிவுசெய்து கியரைப் போட்டார். நாற்பது அடி ட்ரெய்லருக்கு முன்னால் அந்தக் கம்பம் முறுக்குபோல நொறுங்கியது. தெலுங்கையும் இந்தியையும் போட்டுப் பார்த்தோம். மூன்றும் ஒரே மாதிரி ஒரு படி பின்தங்கிப் பேசின. மேனேஜர் ஒரு வாரம் கெடு கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் இங்கிலீஷ் மட்டும் போதும், மற்ற பாஷை எதுவும் வேண்டாம் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. இங்கிலீஷ் மட்டும் போதுமென்றால் நான் எதற்கு? ஏழுமலை அண்ணன் மேனேஜர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"உன் மெஷின்தான் சார் உள்ள போன்னுச்சு. நான் இன்னா சொந்த புத்தியிலயா வந்தேன்?"

எரர் 786

அடுத்த நாலு நாள் அருண் சரியாகச் சாப்பிடவில்லை. இங்கிலீஷ் ஓடுகிறது, நம் மூன்று மொழியும் ஓடவில்லை. அப்படியானால் நம் எழுத்துருவில்தான் கோளாறு என்று முதலில் சொன்னார். எழுத்துருவை மாற்றினார், அப்போதும் ஒரு படி பின்தங்கியே பேசியது. என் மொழிபெயர்ப்பை நானே நாலு தரம் படித்தேன். ஒரு வரியிலும் தப்பில்லை. தப்பில்லாமலே வேலை போவது இன்னும் கொடுமை. வீட்டில் அப்பா தினமும் "மெஷின் பேசுதா?" என்று கேட்பார். "பேசுது" என்பேன். பேசாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை என்பதைச் சொல்லவில்லை.

முழுத்திரையாக ஓடுகிற ப்ரோகிராமை அருண் ஒரு நாள் சுருக்கிப் பார்த்தார். அப்போதுதான் மேல் பட்டையில், எப்போதும் மறைந்தே இருக்கும் தலைப்பு கண்ணில் பட்டது. நம் எழுத்துரு அந்தப் பட்டைவரை எட்டாது, தமிழிலும் தெலுங்கிலும் அங்கே புரியாத கிறுக்கல் ஒன்று இருந்தது. இந்தியைப் போட்டதும் பளிச்சென்று ஓர் எண்: 786. "எரர் நம்பர் கெடச்சிருச்சுங்கக்கா!" என்று குதித்தார். எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரியாம். தடிதடியாக இருந்த புத்தகங்களில் தேடினார். நெட் சென்டரில் போய்த் தேடினார். பெங்களூரில் இருந்த நண்பருக்குப் போன் போட்டார். அந்த நண்பர், கேள்விப்படாத எரர், மிகவும் ஆபத்தானதாக இருக்கும் என்று பீதியைக் கிளப்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை ரஹீம் பாய் என்ன நிலவரம் என்று விசாரிக்க வந்தார். அருண் தாடியும் கலைந்த தலையுமாகத் திரையைக் காட்டி, "இந்த எரருக்கு மருந்தே இல்லீங்க பாய்" என்றார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கை தானாக நெஞ்சுக்குப் போயிருந்தது.

"தம்பி, இது எரர் இல்ல. பிஸ்மில்லா."

அழிக்க மாட்டோம்

எந்தக் காகிதத்தில் எழுதினாலும் உச்சியில் 786 போட்டுவிட்டு எழுதுவது பாயின் வழக்கம். டைப்பிங் கடைக்காரர் அதையும் முதல் வரியாக அடித்துக் கொடுத்துவிட்டார். ப்ரோகிராமோ வரியை எண்ணி எண்ணி எடுப்பது. மேலே ஒரு வரி கூடினால் எல்லா வரியும் ஒரு படி கீழே இறங்கிவிடும். அருண் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கோப்பைத் திறந்தேன். உச்சியில் பிள்ளையார் சுழி, 'உ' என்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

மறைத்திருக்கலாம். யாரும் பார்க்காதபோது அழித்துவிட்டு, தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாய் ஒருவர் மட்டும் குற்றவாளி மாதிரி நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "சார், என்னோடதுலயும் இருக்கு" என்றேன். பாஸ்கர் சார் தலையில் கை வைத்தார். எல்லாரும் ராவ் சாரைப் பார்த்தோம். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அவர் கோப்பின் முதல் வரி, ஸ்ரீ.

அந்த மூன்றையும் அழித்துவிட்டால் ஐந்தே நிமிஷம் என்றார் அருண். 786-ஐ என் கையால் அழிக்க மாட்டேன் என்றார் பாய். எழுதினது எழுதினதுதான், ஸ்ரீயை அழித்துவிட்டுக் கேட்டைத் திற என்றால் எப்படித் திறக்கும் என்றார் ராவ் சார். மூன்று நாள் பேசாத இருவரும் இதில் மட்டும் ஒரே கட்சி. நானும் மாட்டேன் என்றேன். பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன். வேலை நிலைக்குமா நிலைக்காதா என்று தெரியாத நேரத்தில் பிள்ளையாரைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

அருண் எங்கள் மூவர் முகத்தையும் பார்த்தார். கெடுவுக்கு இரண்டே நாள். பெருமூச்சு விட்டுவிட்டு, எந்த மொழியானாலும் முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து எண்ணும்படி ப்ரோகிராமையே மாற்றினார். தமிழ் ஓடியது, தெலுங்கு ஓடியது, இந்தி ஓடியது. கடைசியாக இங்கிலீஷைத் தொட்டார். இங்கிலீஷ் படுத்துவிட்டது. அதற்குத்தான் மேலே ஒன்றுமில்லையே! காலி வரி விட்டுப் பார்த்தார், ப்ரோகிராம் அதைத் தூக்கி எறிந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, இங்கிலீஷ் கோப்பின் உச்சியில் இங்கிலீஷ் எழுத்திலேயே 'முருகா' என்று அடித்தார். நாலும் கடகடவென்று ஓடின. பாய் அருணின் தோளில் தட்டினார்.

"இப்பதான் தம்பி இங்கிலீஷும் நம்ம பாஷ ஆச்சு."

மறுபடியும் ஏழுமலை

இரண்டாவது வெள்ளோட்டத்துக்குக் கம்பமும் புதிது. மேனேஜர் ஜாக்கிரதையாகத் தூரத்தில் நின்றுகொண்டார். வேறு டிரைவரை அழைக்கலாம் என்று பாஸ்கர் சார் என் காதைக் கடித்தார். நான் ஏழுமலை அண்ணன்தான் வேண்டும் என்றேன். அவருக்கே புரிந்துவிட்டால் யாருக்கும் புரியும் என்பது ஒரு காரணம். ஒரு தரம் நம்பி மோசம்போனவர் மறுபடி நம்புகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

அண்ணன் வந்தார். திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 'வண்டி நம்பரை அடி' என்றது, அடித்தார். 'பெட்டி நம்பரை அடி' என்றது, அடித்தார். 'இரு' என்றது, இருந்தார். சீட்டு வந்தது, கம்பம் தூக்கியது, 'உள்ளே போ' என்றது. மேனேஜர் அங்கேயே பாஸ்கர் சாரிடம் கை குலுக்கினார், பாஸ்கர் சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று மாலை அப்பா "மெஷின் பேசுதா?" என்று கேட்டபோது அழுதுவிட்டேன். அதற்கு முன் கேட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏழுமலை அண்ணன் ஏறின கையோடு வண்டியிலிருந்து தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"சோக்கா பேசுதும்மா. மொத நாளு சரக்கு கிரக்கு போட்டு வந்துட்ச்சா அது?"

யாரையாவது

பல வருஷம் கழித்து அந்த மெஷின் கப்பலேறியது. ஜெராக்ஸ் கடை மாடி போய் லிஃப்ட் வைத்த கட்டிடம் வந்தது. அருணுக்குக் கண்ணாடி அறை, எனக்கு ஜன்னலோர மேஜை. பெரிய மனிதர்கள் செத்தால் மட்டும் இன்றும் ஒரு எட்டு அச்சகத்துக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன். ப்ரோகிராமை எத்தனையோ தரம் திருத்தி எழுதியாயிற்று. முதல் வரியைத் தாண்டி எண்ணுகிற அந்த இடத்தில் மட்டும் கை வைக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் ஆப்பிரிக்காப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றின் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து எனக்கு மெயில். மாதிரிக்கு நான் அனுப்பிய தமிழ்க் கோப்பில் முதல் வரியில் ஒரு குறி இருக்கிறது, அதன் பொருள் என்ன, எங்கள் மொழியில் அதை எப்படி எழுதுவது என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். நீங்கள், தயவுசெய்து எல்லாம் இருந்தது. ஏழுமலை அண்ணன் பார்த்திருந்தால் பயந்திருப்பார். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அருணின் கண்ணாடி அறைக்குப் போய் நின்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"காலியா விட்டா ஓடாதுங்கக்கா. யாரையாவது கும்பிடச் சொல்லுங்க."

அவர்கள் யாரைக் கும்பிட்டார்களோ தெரியாது, அங்கேயும் கம்பம் தூக்குகிறதாம். ஆக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் மொழிபெயர்த்த நானூற்றுப் பன்னிரண்டு வரியிலும் யாரோ ஏதோ குறை சொல்லியிருக்கிறார்கள், இன்றுவரை எவரும் குறை சொல்லாதது நான் மொழிபெயர்க்காத அந்த முதல் வரி ஒன்றைத்தான்.